ரோகிணிக்கு இன்னும் ஏழு வருஷம்

என்னுடைய முதல் தமிழ்க் காட்சியில் வந்திருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். இருட்டில் அது எனக்கு உடனே தெரியவில்லை. “பூமியிலிருந்து சூரியன் ஏறத்தாழப் பதினைந்து கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது” என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, அந்த எண் அவர்கள் மனத்தில் இறங்கட்டும் என்று சற்று மௌனமாக நின்றேன். அந்த மௌனத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குறட்டை கேட்டது. பக்கத்திலிருந்து இன்னொன்று அதற்குப் பதில் சொல்வதுபோல் எழுந்தது.

அன்று மாலை நாட்குறிப்பில் இப்படி எழுதினேன்: “மழை இல்லை. பிற்பகலில் மூடுபனி. எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னேன். பார்வையாளர்கள் தூங்கினார்கள்.” நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என் பழக்கம். ஏன் தூங்கினார்கள் என்று எழுதவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை.

காட்சி நடந்த இடம், கோத்தகிரி மலையில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில், சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் பழைய தேயிலைக் கிடங்கு. கோயமுத்தூரில் பஞ்சாலை இயந்திரங்கள் செய்யும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர் அதை வாங்கி, உள்ளே வெள்ளை நிறத்தில் அரைக்கோளக் கூரை போட்டு, நடுவில் ஒரு புரொஜெக்டரை வைத்து, பட்டப்பகலில் இரவு வானத்தைக் காட்டும் கூடமாக மாற்றியிருந்தார். எங்கள் மலையில் வருஷத்தில் பல மாதம் மேகம்தான் வானம். தொலைநோக்கி வாங்கி வைத்து ஏமாந்துபோய்த்தான் கூரைக்குள் வானத்தைக் கொண்டுவந்தேன் என்று அவரே சொல்லுவார். சுற்றுலா வருபவர்களுக்கு ஆங்கிலத்தில் அவர் விளக்குவார். உள்ளூர்க்காரர்களுக்குத் தமிழில் விளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அதற்கு முன் நான் பல வருஷம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிவது என் வேலை. தொழிற்சாலை மூடிய பிறகு, நாற்பத்தெட்டு வயதில் எனக்கு வேலை கொடுக்க மலையில் அதிகம் பேர் இல்லை. ஆனால் வானக்கூடத்து வேலையை நான் விரும்பியதற்குக் காரணம் அது மட்டுமல்ல. இருட்டில் கூரை முழுக்க நட்சத்திரம் எழும்பும் அந்தக் கணத்தில், தினமும் பார்த்தாலும், எனக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிரும். என் வாழ்க்கையில் முதன்முறையாக, வேலைக்குப் போகும் வழியில் மினி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன்.

மூன்றாவது வாரம் பொறியாளர் சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஏனுங்கம்மா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. உங்க மேல குத்தமில்லைங்க. தமிழ்க் காட்சிக்கு வர்றவங்க ஒரு தடவை வந்துட்டுப் போனா மறுபடி ஒருத்தருகிட்டயும் சொல்றதில்லை போலிருக்குது. கூட்டமே சேர மாட்டேங்குது. அந்த நேரத்துல இன்னொரு இங்கிலீஷ் காட்சி போட்டா ஊட்டில இருந்து வேன்ல வர்றாங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பமுங்க. அப்பவும் இப்படியே இருந்தா நிறுத்திக்கலாம்.”

“சரிங்க சார்” என்றேன். மாசக் கடைசிக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நடுவில் இருந்தது. அந்த ஞாயிறு ஓர் எஸ்டேட்டிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒரு வேன் நிறைய வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் லாரி ஓட்டுநர். மலையிலிருந்து தேயிலை மூட்டைகளை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கொண்டுபோவார்.

“உள்ள கதகதன்னு இருக்குது. படுத்தாப்ல சேரு. இருட்டு வேற. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கறவங்கள அங்க கொண்டுபோய் உட்கார வெச்சுப்போட்டு, கோடி, கிலோமீட்டருன்னா? நானா இருந்தாலும் தூங்கிருப்பேன்” என்றார்.

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. நாற்காலியையும் இருட்டையும் என்னால் மாற்ற முடியாது. கோடியை மாற்றலாம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருளை எடுத்து, அதை அளவாக வைத்துக்கொண்டு, தூரங்களையெல்லாம் அதில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுப்பு மேடையில் கண்ணில் பட்டது தீப்பெட்டி. அளந்து பார்த்தேன். நீளம் ஐந்து சென்டிமீட்டர். நிலா வரை தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டேன். எழுநூற்று அறுபத்தெட்டுக் கோடியே எண்பது லட்சம்.

அவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஏம்புள்ள, கிலோமீட்டர்லயே தூங்குனவங்க தீப்பெட்டில முழிப்பாங்களா?”

அளவு சிறியதாகச் சிறியதாக எண் பெரியதாகும் என்பது ஒரு பச்சைக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் மாலை முழுவதும் அதைக் கவனிக்காமல் தசமப் புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டியை எடுத்து இருந்த இடத்தில் வைத்தேன்.

“நீங்க ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?”

“கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் போக வர, அங்க இங்க சுத்தறது சேத்து, எழுவது வெச்சுக்க.”

தினம் எழுபது. ஞாயிறும் பண்டிகையும் போக வருஷத்துக்கு முந்நூறு நாள். நிலாவின் சராசரித் தூரம் மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூறு கிலோமீட்டர். வகுத்தால், பதினெட்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது.

“நான் இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன்” என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்து. “அப்ப நான் நிலாவுக்குப் போய்ச் சேந்துட்டேனா?”

“போய்ச் சேந்து, நாலு வருஷமாத் திரும்பி வந்துட்டிருக்கீங்க.”

“அதான் இடுப்பு இந்த வலி வலிக்குது.”

இது சரியாக இருந்தது. அவரே விழித்துக்கொண்டாரே, அதுதான் சோதனை. ஆனால் சூரியன் லாரிக்கு அடங்கவில்லை. அதே லாரி, அதே எழுபது, ஏழாயிரம் வருஷத்தையும் தாண்டியது. ஏழாயிரம் வருஷம் என்பதும் தூங்கவைக்கும் எண்தான். வேறு அளவு தேடினேன். மலைக்காரர்களுக்குத் தெரிந்த அளவு வேறென்ன? கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வரும்போது எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் “ஒம்பதாவது வளைவு தாண்டிட்டோம்” என்றுதானே சொல்கிறோம்? கல்லட்டிப் பாதையில் முப்பத்தாறு வளைவு, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு மூன்று வளைவு. சூரியன் வரை நாற்பத்தைந்து கோடி வளைவு. கோடி மறுபடி வந்துவிட்டதுதான். ஆனால் வளைவு என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு புரளும், யாரும் தூங்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்தார்கள். எல்லாரும் ஓய்வுநாள் சேலையில், தலையில் பூவோடு. அவர்களைக் கூட்டிவந்த மேஸ்திரி, தோட்டத்தில் அவர்களை வேலை வாங்குகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளைபோல் முன்னால் நடந்தார். சார் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தார். அவர் எதற்காக உட்கார்ந்தார் என்று எனக்குத் தெரியும். விளக்கை அணைத்தேன். நட்சத்திரங்கள் எழும்பின. “யப்பா” என்று ஒரு குரல் கேட்டது. அதுவரைக்கும் எப்போதுமே நன்றாகத்தான் போகும்.

நிலாவுக்கு லாரியைச் சொன்னேன். சிரித்தார்கள். “அந்த டிரைவரு இப்ப எங்க இருக்காரு டீச்சர், பூமிக்கு வந்துட்டாரா?” என்று யாரோ கேட்டார்கள். “இன்னும் பதினாலு வருஷம் ஆகும்” என்றேன். மறுபடி சிரிப்பு. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சூரியனைக் காட்டி, “நம்ம கொண்டை ஊசி வளைவு இருக்கில்லைங்களா, அது மாதிரி நாற்பத்தைந்து கோடி வளைவு” என்றேன்.

“எந்த ரோட்டு வளைவுங்க?” என்றார் மேஸ்திரி.

“கல்லட்டி.”

“கல்லட்டியா? அதுல நாங்க போனதே இல்லைங்களே” என்று ஒரு பெண் சொன்னாள். “குன்னூர் ரோட்டுல பதினாலு வளைவுதான். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்!”

“கோத்தகிரி ரோட்டுல வளைவே கம்மி. அப்ப சூரியன் கிட்ட வந்துருமா?”

“வளைவுங்கறது திரும்பற எடம். அது எப்படித் தூரமாகும்? ரெண்டு வளைவுக்கு நடுவுல இருக்கறதுதான தூரம்?”

“உனக்கு வாந்தி வர்றதுக்குள்ள எத்தனை வளைவோ அத்தனை தூரம்.”

அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் எந்தப் பாதையில் எந்த வளைவில் வாந்தி எடுத்தார்கள் என்பதெல்லாம் வந்தது. இருட்டில், என் கையிலிருந்த குறிப்புத் தாளைச் சின்ன டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வரியும் வளைவு. அதற்கடுத்த வரியும் வளைவு. வியாழன், சனி எல்லாவற்றையும் வளைவில் போட்டு வைத்திருந்தேன். ஒரு வளைவு இன்னொரு வளைவுக்குச் சமமில்லை. ஆயிரம் தடவை பஸ்ஸில் போய் வந்த எனக்கு அது தோன்றவே இல்லை. பின்னால் சாரின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. எழுந்துபோய்விட்டார் என்றே நினைத்தேன்.

அப்போது நடுவரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து நின்றார். இருட்டில் தலைநரை மட்டும் தெரிந்தது. குரலில் இலங்கைத் தோட்டத்துச் சாயல். அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு.

“தங்கச்சி, அந்தக் கணக்க விடுங்க. எவ்வளவு நேரமாகும், அதைச் சொல்லுங்க.”

“எதுல போறதுக்குங்க?”

“எதுல போனா சீக்கிரம் போகலாமோ அதுல.”

“வெளிச்சந்தாங்க வேகமாப் போகும். சூரியன்ல கெளம்புன வெளிச்சம் நம்மகிட்ட வர எட்டு நிமிஷம் இருபது விநாடி ஆகும்.”

“அப்பிடிச் சொல்லுங்க!” என்றார் அந்த அம்மாள். உட்கார்ந்தார்.

கூடம் முழுவதும் ஒரு திருப்தியான முணுமுணுப்பு பரவியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மலையில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எதிர்மேட்டில் வீடு கண்ணுக்குத் தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் பள்ளத்தில் இறங்கி ஏறிப் போய்ச் சேர முக்கால் மணி நேரமாகும். எவ்வளவு தூரம் என்று கேட்டால் முக்கால் மணி நேரம் என்பதுதான் பதில். வானத்தை அளப்பவர்களும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒளி போகும் நேரத்தை வைத்துத்தான் தூரம் சொல்கிறார்கள். இந்த ஒன்றை மட்டும் மாற்றிச் சொல்லவே தேவையில்லை. நான்தான் தீப்பெட்டி, லாரி, வளைவு என்று சுற்றியிருக்கிறேன்.

நிலா ஒன்றே கால் விநாடிக்குச் சற்று மேல் என்றேன். “ஒரு தும்மல்” என்றார்கள். நெப்டியூன் நாலு மணி நேரம் என்றேன். “காலைல பேர் குடுத்துட்டு நிரை புடிச்சா மத்தியானச் சாப்பாடு வரைக்கும்” என்று அவர்களே கணக்கைப் பிரித்துக்கொண்டார்கள். நிரை என்பது ஆளுக்கு ஒன்றாகக் கொழுந்து பறிக்கப் பிரித்துக்கொடுக்கும் தேயிலை வரிசை. யாரும் தூங்கவில்லை.

அப்போது ஒரு இளம்பெண் கேட்டாள். “டீச்சர், அந்த எட்டு நிமிஷம், ஏத்தத்துக்கா எறக்கத்துக்கா?”

“என்னங்க?”

“இல்லைங்க, கீழ இருந்து எங்க லைன் வீட்டுக்கு ஏற முக்கா மணி நேரமாகுது, எறங்க அரை மணிதான். சூரியன்ல இருந்து இங்க வர்றது ஏத்தமா எறக்கமான்னு கேட்டேன். அதப் பொறுத்துத்தான நேரம்?”

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல எனக்கு வராது. “எனக்குத் தெரியலைங்க” என்றேன். மாசக் கடைசி இன்றைக்கே வந்துவிட்டது, தமிழ்க் காட்சி இத்தோடு நின்றது என்று நினைத்தேன்.

பின்னாலிருந்து செருப்புச் சத்தம் வந்தது. சார் நடந்து முன்னால் வந்தார். புரொஜெக்டரின் மங்கலான வெளிச்சத்தில் அவருடைய முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை.

“ஏனுங்க கண்ணு, இந்தக் கேள்விய நாலு வருஷமா யாராவது கேப்பாங்களான்னு இருந்தேனுங்க” என்றார். “சூரியன்ல இருந்து வெளிய வர்றது வெளிச்சத்துக்கு ஏத்தந்தானுங்க. சூரியன் அதைப் புடிச்சு உள்ள இழுத்துட்டே இருக்கும். ஆனா வெளிச்சத்துக்கு ஒரு குணம். ஏத்தத்துல அதோட வேகம் கொறையாது. அதே வேகந்தான். களைப்பு வேற பக்கம் தெரியும்.”

“எந்தப் பக்கமுங்க?”

“நெறத்துலைங்க. மேல ஏறி வந்த வெளிச்சம் துளியூண்டு செவந்து போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கருவியில வெச்சுப் பாத்தாத் தெரியும்.”

“எங்களுக்கும் அதேதானுங்க சார்” என்றாள் அந்தப் பெண். “சாக்கைத் தலையில வெச்சுட்டு மேட்டுக்கு ஏறி வந்தா மூஞ்சியெல்லாம் செவந்து போயிருது. ஆனா நாங்க நடுவுல நிப்பமுங்க. அது நிக்காதாட்ட இருக்குது.”

“அதுக்கும் ஒரு மேஸ்திரி இருப்பாரு, அதான்” என்றது இன்னொரு குரல். மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். சார் அங்கேயே, படிக்கட்டில், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்வரிசைக்குத் திரும்பவில்லை.

அடுத்து நட்சத்திரங்கள். என் தாளில் மிக அருகில் உள்ள நட்சத்திரம் நாற்பது லட்சம் கோடி கிலோமீட்டர் என்று எழுதியிருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்தேன். “நாலே கால் வருஷம்” என்று மட்டும் சொன்னேன். அவர்கள் ஒருவருக்கொருவர் நாலே கால் வருஷத்துக்கு முன் என்ன நடந்தது என்று பேசிக்கொண்டார்கள். மேஸ்திரி குரலை உயர்த்தி, “டீச்சர், நம்ம நட்சத்திரமெல்லாம் இதுல இருக்குதுங்களா? அசுவினி, பரணின்னு?” என்றார்.

இருந்தன. சிலவற்றைச் சேர்த்து ஒரு கூட்டமாகத்தான் சொல்ல முடியும். சிலது தனி நட்சத்திரம். “உங்களுது என்னங்க?”

“கேட்டை.”

அதைக் கூரையில் காட்டினேன், செக்கச்செவேலென்று. “இது ஐந்நூறு வருஷத்துக்கு மேலே. உங்க நட்சத்திரத்துல இன்னைக்குக் கெளம்புற வெளிச்சம் இங்க வந்து சேர ஐந்நூறு வருஷத்துக்கும் மேலாகும்.”

“அதான் இவரு எதுலயும் லேட்டு” என்றார்கள்.

அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் நட்சத்திரத்தைக் கேட்டார்கள். திருவோணம் பதினேழு வருஷம். சுவாதி முப்பத்தேழு. சுவாதியில் பிறந்தவள் தனக்கு நாற்பது வயது என்றாள். “அப்ப நீங்க பொறந்தப்ப அங்க கெளம்புன வெளிச்சம் மூணு வருஷத்துக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருச்சுங்க” என்றேன். “அடக் கெரகமே, நான் பாக்கவே இல்லையே” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். சித்திரை இருநூற்றைம்பது. “என்னுது அப்ப நடுவழியில கூட இல்லை” என்று ஒருத்தி வருத்தப்பட்டாள்.

“உங்க நட்சத்திரம் என்ன டீச்சர்?” என்று கேட்டார்கள்.

“திருவாதிரை.”

“எவ்வளவு நேரம்?”

“அது இன்னும் சரியாத் தெரியலைங்க.”

“உங்களுக்கா?”

“யாருக்குமே. ஐந்நூறுங்கறாங்க, எழுநூறுங்கறாங்க.” அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களோ அது பெரிய சங்கதி என்பதுபோல் பாராட்டுதலாகத் தலையாட்டினார்கள்.

அப்போது அந்த நரைத்த தலை அம்மாள் மறுபடி எழுந்தார்.

“எனக்கு ரோகிணி தங்கச்சி. தேதியெல்லாம் தெரியாது. அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துல பொறந்தேன். நட்சத்திரம் மட்டும் அப்பா எழுதி வச்சிருந்தாரு. கப்பல்ல வர்றப்போ எனக்கு ஏழு வயசு. பேப்பர்ல இப்ப அம்பத்தெட்டு.”

ரோகிணியைக் காட்டினேன். ஆரஞ்சு நிறத்தில், அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. “அறுபத்தைந்து வருஷம்” என்றேன். சொன்ன பிறகு மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். “நீங்க பொறந்தப்ப கெளம்புன வெளிச்சம் இன்னும் வந்து சேரலைங்க. வழியில இருக்குது. இன்னும் ஏழு வருஷம். ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருக்கலாம்.”

அவர் உட்காரவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“நான் அங்க பொறந்தப்ப கெளம்புனது?”

“ஆமாங்க.”

“இப்ப நான் இங்க இருக்கேன். அது அங்க போய்த் தேடாதா?”

“அது எல்லாப் பக்கமும் வருமுங்க. அங்கயும் வரும், இங்கயும் வரும்.”

“பாஸ்போர்ட்டு கேக்கமாட்டாங்க?”

“கேக்கமாட்டாங்க” என்றார் சார், படிக்கட்டிலிருந்து.

அந்த அம்மாள் சிரித்தார். பக்கத்திலிருந்தவள் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “பெரியம்மா, இந்த வருஷம் ரிட்டயர் ஆகப் போறீங்க, ஏழு வருஷம் எங்க போய்க் காத்துக்கிட்டிருப்பீங்க?” என்றாள். “ரிட்டயர் ஆனாலும் கண்ணு இருக்குமில்ல?” என்றார் அவர்.

காட்சி முடிந்து விளக்கைப் போட்டேன். எல்லாரும் விழித்திருந்தார்கள். வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. வாசலில் செருப்புத் தேடும் நெரிசல். ரோகிணிக்கார அம்மாள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக சாரிடம் போனார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும். ஏழு வருஷத்துக்கு இந்தக் கொட்டாய மூடிப்புடாதீங்க. வானத்தைப் பாத்தா இந்த மேகத்துல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அது வர்ற வருஷம் நான் இங்க வந்துதான் பாக்கணும். இந்தத் தங்கச்சிதான் காட்டணும். இங்கிலீஷ்ல சொன்னா எனக்கு வந்துட்டதே தெரியாம போயிடும்.”

கூரையில் தெரிவது புரொஜெக்டர் காட்டும் படம்தான், உண்மையான வெளிச்சம் அல்ல என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“எனக்கே எழுவத்தொண்ணு நடக்குதுங்கம்மா” என்றார் அவர்.

“அப்ப எழுவத்தெட்டு. அது ஒரு வயசா?”

மேஸ்திரி வேனிலிருந்து சத்தம் போட்டார். அந்த அம்மாள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டி அவரை அடக்கினார். “சொல்லுங்க ஐயா.”

“சரிங்க” என்றார் சார். “மூடலைங்க.”

“பின்னால மாத்தமாட்டீங்களே?”

“மாத்தமாட்டேனுங்க. ஒரு நல்ல நாள் பாத்து ரோகிணி தெரியற சீசன்ல உங்கள மொட்டைமாடிக்கே கூட்டிட்டுப் போறேன். மேகமில்லாத ராத்திரி ஏழு வருஷத்துல ஒண்ணாவது வராதா?”

வேன் கிளம்பிப் போனது. அடுத்த ஞாயிறு அதே எஸ்டேட்டின் மற்றொரு பிரிவிலிருந்து வருவதாக மேஸ்திரி போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சார் உள்ளே போய் நாற்காலிகளைச் சரிசெய்தார். வழக்கமாக அது என் வேலை. நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

“ஏனுங்கம்மா, திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வாங்க. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் தூரம் வேணும். நீங்க எழுதுங்க, நான் சரிபாக்கறேன். எந்த நட்சத்திரக்காரங்க வந்தாலும் சொல்லணும்.”

“சரிங்க சார்.”

“அப்புறம், அந்த ஏத்தம் எறக்கம் விசயத்தை நான் இங்கிலீஷ் காட்சியிலயும் சொல்லலாம்னு இருக்கேன். யார் கேட்டதுன்னும் சொல்லிருவேன்.”

இருபத்தேழையும் எழுதி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. கூட்டமாக இருப்பவற்றுக்கு எதைச் சொல்வது என்பதில் எங்களுக்குள் இரண்டு முறை வாக்குவாதம் நடந்தது. சார் பிரகாசமானதைச் சொல்லலாம் என்றார். நான் நடுவில் இருப்பதைச் சொல்லலாம் என்றேன். கடைசியில் பிரகாசமானதுதான் கண்ணில் படும் என்று அவர் வென்றார். அட்டையில் கறுப்பு மையால், தெளிவான எழுத்தில், வரிசையாக எழுதி, கூடத்துக்கு வெளியே வருகிறவர்கள் பார்க்கும்படி மாட்டியிருக்கிறோம். சனி, ஞாயிறுகளில் அதன் முன்னால் நின்று விரலால் தடவித் தேடுகிறார்கள். தங்கள் வயதோடு கழித்துக் கூட்டிப் பார்க்கிறார்கள். ரோகிணி வரிசையில் யாரோ பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். அழிக்க மனம் வரவில்லை.

திருவாதிரைக்கு நேரே மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்.